மதியக் காட்சியின் கொலைகாரன்

தினமும் மதியக் காட்சி முடிந்ததும் கொலைகாரன் திரையிலிருந்து இறங்கி வந்து, வாசல் கதவருகே நின்று, படம் எப்படி என்று கேட்பான். கையில் ஒரு நோட்டு இருக்கும். சின்னப் படம், விளம்பரத்துக்கென்று தனி ஆள் கிடையாது. அதனால் அந்த வேலையும் அவன் தலையில் விழுந்திருந்தது. காலையில் பசை வாளியோடு போய் போஸ்டர் ஒட்டுவதும் அவன்தான்.

படத்தில் அவனுக்குப் பெயர் வைக்கவில்லை. தாராபுரத்துக்காரர்கள் கொலைகாரத் தம்பி என்று கூப்பிட்டார்கள்.

"பயமா இருந்துச்சுங்களா?" என்று கேட்பான்.

"நல்லாருந்துச்சுங்க தம்பி" என்பார்கள்.

அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு முகத்துக்கு நேரே குறை சொல்ல வராது. கல்யாணப் பந்தியில் சாம்பார் உப்புக் கரித்தால் "ரசம் அருமைங்க" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போகிறவர்கள் அவர்கள். அதனால் நோட்டு முழுக்க நல்ல வார்த்தையாகவே நிறைந்தது. மழை அருமை, பூவாளியில் ஊற்றியது என்று தெரியவே இல்லை. படுக்கையறைக்கும் சமையலறைக்கும் ஒரே சுவர்தான், ஆனாலும் மறக்காமல் காலண்டரை மாற்றி மாட்டியிருக்கிறார்களே, என்ன ஒரு பொறுப்பு! முதல் பாதியில் செத்துப்போன கணக்குப்பிள்ளையே இரண்டாம் பாதியில் இன்ஸ்பெக்டராக வந்ததும் நல்லதாகப் போயிற்று. செத்தவரே விசாரித்தால் கேசு சீக்கிரம் முடியும்தானே.

கொலைகாரன் கண்ணாடி முன்னால் நின்று ஏழு நிமிடம் தனக்குத்தானே பேசுகிற காட்சி ஒன்று உண்டு. அதைப் பற்றி மாவு மில் துளசிமணியக்கா சொன்னதுதான் நோட்டிலேயே நீளம். அக்கா ஒரு காட்சி விடாமல் முதல் வரிசையில் உட்காருகிறவள்.

"அப்படியே எங்கூட்டுக்காரராட்டவே இருந்துச்சு கண்ணு. அவரும் சவரம் பண்றப்ப இப்படித்தான் பேசுவாரு. பாத்துட்டே இருந்தேனா, அடுப்புல பருப்பு வெச்சது ஞாபகம் வந்துருச்சு."

எல்லாம் சரி. ஆனால் ஒருத்தராவது அலறினாரா? ஊஹூம். அதை மட்டும் அவனால் நோட்டில் எழுத முடியவில்லை.

அந்தத் தியேட்டரில் ஒரு வழக்கம். பயமுறுத்துகிற படம் எதுவானாலும், வெள்ளி தொடங்கி வியாழனுக்குள் அரங்கத்தில் ஒரு அலறலாவது விழ வேண்டும். மேனேஜர் கிட்டுசாமி அதற்கென்றே கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மடியில் பதிவேட்டை விரித்து வைத்திருப்பார். அலறியது யார் என்று அவர் பார்ப்பதில்லை. சத்தம் வந்தால் போதும், எழுதிக்கொள்வார். வராவிட்டால் வியாழக்கிழமை சாயங்காலம் படப்பெட்டியைத் தூக்கிவிடுவார்கள். படத்தோடு கொலைகாரனையும் நாலாக மடித்து அந்தப் பெட்டிக்குள் வைப்பார்கள். போன தடவை எட்டு மாதம் கிடந்தான். இருட்டு அவனுக்கு ஒரு பொருட்டில்லை, தொழிலே இருட்டில்தான். தன்னைப் பார்ப்பதற்கு ஒரு ஜீவன் இல்லாமல் கிடந்தானே, அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

புதன்கிழமை, மழைக்கோட்டில் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றவனைப் பார்த்து அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. துண்டைக் கொடுத்துத் தலையைத் துவட்டச் சொன்னாள்.

"அக்கா, நிஜத்தைச் சொல்லுங்க. துளிகூடப் பயம் வரலீங்களா?"

"உன்னையக் குத்தம் சொல்லலை கண்ணு. உன்ற மூஞ்சியப் பாத்துப் பாத்துப் பழகிருச்சு. நீ கத்தியத் தூக்கினா, பாவம் தோள் வலிக்குமேன்னுதான் தோணுது. அப்புறம் பயம் எங்கிருந்து வரும்?"

"நாளைக்கு என்னைப் பெட்டியில வெச்சிருவாங்கக்கா." துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அட, அழாதே சாமி. நாங்க பாத்துக்கறோம். நீ போய்க் கொலையக் கவனி."

அன்று சாயங்காலம் மாவு மில்லில் கூடிப் பேசினார்கள். முகத்தைப் பார்ப்பதால்தானே பாசம் வருகிறது, பார்க்காமல் இருந்தால் பயம் வந்துவிடும் என்று முடிவாயிற்று. வியாழக்கிழமை வந்த நாற்பத்து மூன்று பேரும் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய், நாற்காலியில் உட்காராமல், அதற்குக் கீழே தரையில் குனிந்து உட்கார்ந்துகொண்டார்கள். அக்கா முந்தானையால் கண்ணைப் பொத்திக்கொண்டாள். அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் நடிப்பு கெட்டுவிடுமாம்.

கண்ணாடிக் காட்சி வந்தது. சின்னப் படம் இல்லையா, கண்ணாடிக்கு வெறும் சட்டம்தான். அதில் எட்டிப் பார்த்தால் அரங்கம்தான் தெரியும். ஏழு நிமிடமும் அவன் ஜனங்களின் முகத்தைப் பார்த்துத்தான் வசனம் பேசுவான்.

எட்டிப் பார்த்தான். முதல் வரிசை காலி. இரண்டாவது வரிசை காலி. எல்லா நாற்காலியும் மடங்கிக் கிடந்தது. அட்டைக் கத்தி கை நழுவிக் கீழே விழுந்தது.

"யாருமே இல்லீங்களா?" என்று கேட்டான். அது வசனத்தில் இல்லாத வரி.

பார்ப்பதில்லை என்று பேசி வைத்திருந்ததால் யாரும் தலையைத் தூக்கவில்லை. அவன் இன்னும் கொஞ்சம் காத்திருந்தான். பிறகு அடிவயிற்றிலிருந்து ஒரு அலறல் அலறினான், பாருங்கள்! சுவருக்குப் பின்னால் இன்ஸ்பெக்டர் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த கணக்குப்பிள்ளை ஓடி வந்து தண்ணீர் கொடுத்தார்.

"இங்கதான் இருக்கோம் கண்ணு" என்று அக்கா எழுந்தாள். நாற்பத்து மூன்று தலைகளும் ஒவ்வொன்றாக மேலே வந்தன. கிட்டுசாமி பேனாவைத் திறந்து, 'வியாழன், மதியம், அலறல் ஒன்று' என்று எழுதினார்.

காட்சி முடிந்து கொலைகாரன் இறங்கி வந்தபோது, வாசலில் ஜனங்கள்தான் நின்றிருந்தார்கள். நோட்டு அக்காவின் கையில் இருந்தது.

"பயமா இருந்துச்சா கண்ணு?"

ஒரு வாரம் அந்த ஊரில் இருந்தவன் அல்லவா?

"நல்லாருந்துச்சுங்கக்கா" என்றான்.

கிட்டுசாமி பதிவேட்டை மறுபடி படித்தார். அலறியவர் பார்வையாளர், அலற வைத்தவர் நடிகர் என்பது அங்கே விதி. எனவே படம் இன்னொரு வாரம் ஓடும், ஆட்கள்தான் இடம் மாற வேண்டும் என்றார்.

வெள்ளிக்கிழமை மதியம் கொலைகாரன் டிக்கெட்டும் ஒரு பொட்டலம் முறுக்கும் வாங்கிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தான். விளக்கு அணைந்தது. திரையில் துளசிமணியக்கா அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு, கண்ணாடிச் சட்டத்துக்கு முன்னால் வந்து நின்று அவனையே பார்த்தாள்.

"தம்பி, மறைக்குது" என்றார் பின்வரிசையிலிருந்து கணக்குப்பிள்ளை.

கொலைகாரன் மழைக்கோட்டுத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.