மைதானத்துப் புல்

பள்ளியின் விடுமுறை முகாம் முடிய ஐந்து நாள் இருக்கும்போது பீன்ஸ் இலைகள் சுருள ஆரம்பித்தன.

குழந்தைகள் வருவதற்கு அரை மணி முன்பே போய்விடுவது என் வழக்கம். அன்றும் போனேன். மூன்றாவது பாத்தியில் குனிந்து பார்த்தேன். இலைகள் கிண்ணம் போல உள்பக்கம் குவிந்திருந்தன. தண்டு, பிழிந்த துணி மாதிரி முறுக்கியிருந்தது. இலையைத் திருப்பிப் பார்த்தேன். பூச்சி இல்லை, முட்டை இல்லை. தண்ணீர் போதவில்லை என்றால் செடி வாடும். இது வாடவில்லை, வளர்ந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் தப்பாக வளர்ந்துகொண்டிருந்தது.

தக்காளியின் நுனிகள் நூல் நூலாகப் பிரிந்திருந்தன. சூரியகாந்தி தலையைத் தரைப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தது.

பள்ளிக்குப் பின்னால், சைக்கிள் கொட்டகைக்கும் மதிலுக்கும் நடுவில் இருக்கும் இடம் அது. ஆறு பாத்திகள். இருபத்திரண்டு குழந்தைகள். நான்கு வாரம் அவர்களுக்கு மண்ணையும் தண்ணீரையும் மருந்தடிக்காத தோட்டத்தையும் பற்றிச் சொல்லித்தர என்னை எடுத்திருந்தார்கள். கடைசி நாள் பெற்றோரும் நிர்வாகக் குழுவும் வந்து பார்ப்பார்கள். தோட்டம் நன்றாக இருந்தால் அந்த இடம் தோட்டமாகவே இருக்கும். பள்ளி திறந்ததும் வாரம் இரண்டு தோட்ட வகுப்பு, எனக்கு நிரந்தர வேலை. இல்லையென்றால் சிமெண்ட் போட்டு வேன் நிறுத்துவார்கள். தலைமையாசிரியை முதல் நாளே இதைச் சொல்லிவிட்டார்.

தாவரவியல் படித்து முடித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஆறு நேர்முகத் தேர்வுகளுக்குப் போயிருந்தேன். ஒவ்வொன்றிலும் என் பெயரைச் சொல்வதற்குள் தொண்டை அடைத்துக்கொண்டது. குழந்தைகளிடம் மட்டும் அது அடைப்பதில்லை என்பது இந்த முகாமில்தான் எனக்கே தெரிந்தது.

எட்டு மணிக்குக் குழந்தைகள் வந்தார்கள். வந்த வேகத்தில் நின்றார்கள்.

"மிஸ், என் பீன்ஸுக்கு வயித்து வலி," என்றான் ஒருவன். எதையும் விளையாட்டு வர்ணனை மாதிரியே சொல்வதால் அவனுக்குக் கமெண்ட்ரி என்று பெயர். "ஒண்ணு, ரெண்டு அவுட். மூணாவது பாத்தி அவுட். நாலாவது பாத்தி அவுட். அஞ்சாவது... அதுவும் அவுட். ஆறாவது மட்டும் நாட் அவுட்."

ஆறாவதைப் பார்த்தேன். அது மக்காச்சோளம். ஒரு குறையும் இல்லாமல் நிமிர்ந்து நின்றது.

அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. மக்காச்சோளம் புல் இனம். புல்லை விட்டுவிட்டு மற்ற செடிகளை மட்டும் முறுக்கிக் கொல்லும் மருந்து ஒன்று உண்டு. புல்தரையில் முளைக்கும் களைக்கு அடிப்பது. இரண்டாம் வருடத் தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வி. முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன்.

இரண்டாவது வாரத்தில், மண்ணை வெயிலில் வெறுமனே விடக்கூடாது, அதற்கும் ஒரு போர்வை வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். "மண்ணுக்குக் குளிருமா மிஸ்?" என்று சிரித்தார்கள். விளையாட்டு மைதானத்தின் ஓரத்தில் வெட்டின புல் சாக்குச் சாக்காகக் கிடந்தது. எடுத்துவரச் சொன்னேன். எறும்பு மாதிரி ஓடி ஓடிக் கொண்டுவந்து ஆறு பாத்திகளையும் மூடினார்கள். மைதானத்தின் அந்தப் பக்கம் புல் வெட்டும் ஆள் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லோரும் மெஷின்காரர் என்பார்கள். பெரிய குரல். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று இரண்டு முறை அடி எடுத்து வைத்தேன். தூக்கிப்போடப் போகிற புல்தானே என்று திரும்பிவிட்டேன்.

"மிஸ், நான் ஒண்ணு சொல்லணும்."

யாரோ என் துப்பட்டாவை இழுத்தார்கள். எலி. விதை போட்ட மறுநாளே முளைத்துவிட்டதா என்று தோண்டிப் பார்த்ததால் அவளுக்கு அந்தப் பெயர். நான்காம் வகுப்பு.

"நான் என் டானிக்கை ஊத்தினேன் மிஸ். தினமும். அம்மா டப்பாவுல போட்டுக் குடுக்கறது. எலும்பு வளர்றதுக்காம். எனக்குப் பிடிக்காது. செடியாவது வளரட்டும்னு..."

"எந்தச் செடிக்கு?"

"மூணாவது பாத்தி."

"என் தக்காளிக்கும் ஊத்தினியாடி?" என்றாள் ஒருத்தி.

"இல்ல. ஒரு தடவை கீழ கொட்டிடுச்சு. அது வழியா போயிருக்கும்."

"டானிக் குடிச்ச பீன்ஸ் டான்ஸ் ஆடுது," என்றான் கமெண்ட்ரி. "எலி தனியா நின்னு அஞ்சு விக்கெட் எடுத்துட்டா."

யாரும் சிரிக்கவில்லை. ஒரு பையன் அழ ஆரம்பித்தான். சத்தம் கேட்டுத் தலைமையாசிரியை வந்தார். பாத்திகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என்ன நடந்தது என்று நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அவர் முகம் லேசாகத் தெளிந்ததை நான் கவனித்தேன்.

"சரி, காரணம் தெரிஞ்சுடுச்சு," என்றார். எலியின் தோளில் கை வைத்தார். "பாரு கண்ணு, யாரையும் கேக்காம எதையும் செய்யக்கூடாது. மிஸ்ஸை ஒரு வார்த்தை கேட்டிருந்தா இப்படி ஆகியிருக்குமா?" என்னிடம் திரும்பினார். "இல்லையா மிஸ்?"

தலையை ஆட்டினேனா என்று எனக்கு இன்றும் தெரியாது. ஆட்டியதாக எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

பதினோரு மணிக்குக் குழந்தைகள் போனதும் மெஷின்காரரைத் தேடிப் போனேன். பம்பு அறை வாசலில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, புல்லுக்கு மருந்து அடிச்சீங்களா?"

"அடிச்சேனே. களை தலைக்கு மேல போயிடுச்சுன்னு மேடம் சத்தம் போட்டாங்க. அடிச்சு ஒரு வாரம் விட்டுத்தான் வெட்டினேன். ஏன்?"

நான் சொன்னேன். பீடியைக் கீழே போட்டார். உள்ளே போய் ஒரு டப்பாவைக் கொண்டுவந்தார். பின்பக்கம் சின்ன எழுத்தில் இருந்தது: மருந்தடித்த புல்லை உரமாகவோ செடிகளுக்கு மூடாக்காகவோ பயன்படுத்தக் கூடாது. கையில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவவும். புல் அள்ளி முடித்ததும் குழந்தைகளைக் கை கழுவச் சொல்லியிருந்தேன். அன்று நான் சரியாகச் செய்தது அது ஒன்றுதான்.

"குப்பை வண்டிக்குன்னு கட்டி வச்ச சாக்கு. காணோமேன்னு நானும் நினைச்சேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே டீச்சரம்மா. நீங்க என்னைப் பார்த்தாலே அந்தப் பக்கமாப் போயிடுவீங்க. ஏதோ எம்மேல கோபம்னு இருந்தேன்." பிறகு தயங்கினார். "என் பேரு வருமா இதுல?"

"வராது," என்றேன்.

மறுநாள் எலி வரவில்லை.

தலைமையாசிரியையின் அறைக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "நர்சரியில சொல்லிட்டேன். வியாழக்கிழமை செடி வந்துடும். பழசைப் பிடுங்கிட்டு நட்டுடுங்க."

"அந்த மண்ணுல அதுவும் சுருண்டுடும் மேடம்."

"எத்தனை நாள்ல?"

"ஒரு வாரம். பத்து நாள்."

"நமக்கு ரெண்டு நாள் போதும்."

புல்லைப் பற்றிச் சொன்னேன். திக்கித் திக்கித்தான் சொன்னேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"இருபத்திரண்டு குழந்தைங்க. மருந்தடிச்ச புல்லை வெறுங்கையால அள்ளியிருக்காங்க. அதுவும் மருந்தே இல்லாத தோட்டம்னு நாம போர்டு வச்ச முகாம்ல. இதைப் பெத்தவங்ககிட்ட சொல்லப் போறீங்களா?" குரலில் கோபம் இல்லை. "அந்த இடத்தைத் தோட்டமா வச்சுக்கணும்னு கமிட்டில மல்லுக்கு நின்னது நான். உங்களை எடுத்ததும் நான். என்னையும் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க."

"அந்தப் பொண்ணு மேடம்..."

"குழந்தைதானே. நாலு நாள்ல மறந்துடும்."

வீட்டில் அக்காவிடம் சொன்னேன். அவள் வீட்டில்தான் இருக்கிறேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

"மெஷின்காரர்கிட்ட கேக்க வேண்டிய நேரத்துல வாய்க்குப் பூட்டு. இப்ப எல்லார் தலையும் உருளப் போற நேரத்துல சாவியைத் தேடறே."

"நான் என்னக்கா பண்றது?"

"எனக்கென்ன தெரியும்?" என்றாள். அடுத்த துணியை உதறிக்கொண்டே, "உனக்கு இந்த வேலை கிடைச்சதும் மாமா ஊர் பூராச் சொல்லிட்டாரு," என்றாள்.

வியாழக்கிழமை தட்டுத் தட்டாகச் செடிகள் வந்து இறங்கின. பளபளவென்று இருந்தன. குழந்தைகளுக்குத் தலைகால் புரியவில்லை. "சீக்கிரம் நடுங்கடா, எலி வந்துடப் போறா," என்று ஒருவரை ஒருவர் விரட்டினார்கள். குழியின் ஆழம் போதவில்லை என்று ஒருத்திக்கு நானே தோண்டிக்கொடுத்தேன். வேரைச் சுற்றி மண்ணை அழுத்தும்போது அந்த மண் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அழுத்தினேன்.

அன்று மத்தியானம் எலியின் வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடி. அவள் அம்மா ஈரக்கையோடு கதவைத் திறந்தார்.

"ஸ்கூல்லேர்ந்தா? நல்லவேளை வந்தீங்க மிஸ். கட்டிலுக்கு அடியில படுத்திருக்கா. டானிக்கைக் கொண்டுபோனாலே கத்தறா. அது விஷமாம். ஒரு வருஷமா அவளும் குடிச்சிருக்காளாம். செடி மாதிரி அவளும் சுருண்டு செத்துடுவாளாம். விரலை விரலை நீட்டிப் பார்த்துக்கறா."



உள்ளே போய்த் தரையில் படுத்தேன். கட்டிலுக்கு அடியில், சுவரோடு ஒட்டி, அவள் முதுகு தெரிந்தது.

"டானிக் விஷம் இல்லடா. செடி அதனால சாகலை. நான் எடுத்துவரச் சொன்ன புல்லுல மருந்து இருந்தது. நான் கேக்காம எடுத்துட்டேன். என்னாலதான்."

அவள் சுவரைப் பார்த்தபடியே பேசினாள்.

"மேடம் கேட்டப்போ நீங்க சொல்லலையே."

"ஆமா. சொல்லலை."

"எப்போ தெரியும் உங்களுக்கு?"

"அப்பவே தெரியும்."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு என்ன பெயர் என்று தெரியவில்லை. நான்காம் வகுப்புக் குழந்தையிடம் அதை நான் எதிர்பார்க்கவில்லை.

"எல்லார்கிட்டயும் சொல்வீங்களா?" என்று கேட்டாள். "எங்கிட்ட மட்டும் சொன்னா என்ன ஆகும்? அவங்களுக்கு நான்தானே."

வெள்ளிக்கிழமை பெற்றோர் வந்தார்கள். நிர்வாகக் குழுவிலிருந்து மூன்று பேர். குழந்தைகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அவரவர் செடியைக் காட்டினார்கள். வெயிலில் ஆறு பாத்திகளும் பச்சையாக நின்றன. குழுத் தலைவர் ஒரு தக்காளி இலையைத் தொட்டுப் பார்த்து, "நல்லா பண்ணியிருக்கீங்கம்மா. இதை ஏன் நாம சிமெண்ட் போடணும்?" என்றார். தலைமையாசிரியை என் பக்கம் திரும்பி மெல்லச் சிரித்தார். கூட்டத்துக்குப் பின்னால் எலியும் அவள் அம்மாவும் நின்றார்கள். கிட்ட வரவில்லை. மற்ற குழந்தைகளும் போகவில்லை.

"மிஸ் ரெண்டு வார்த்தை பேசுவாங்க," என்றார் தலைமையாசிரியை.

தொண்டை அடைத்தது. பெரியவர்களைப் பார்க்காமல் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த குழந்தைகளைப் பார்த்தேன்.

"இந்தச் செடிங்க நேத்து நர்சரியிலேர்ந்து வந்தது," என்றேன். "நீங்க விதை போட்டு வளர்த்தது செத்துப்போச்சு. டானிக்கால இல்ல. நாம மண்ணுக்குப் போர்த்தின புல்லுல களைக்கொல்லி இருந்தது. எடுக்கலாமான்னு நான் யாரையும் கேக்கலை. உங்களை எடுக்கச் சொன்னது நான். அது எனக்குத் திங்கக்கிழமையே தெரியும். டானிக் ஊத்தினவமேல பழி விழுந்தப்போ நான் வாயை மூடிட்டு நின்னேன். இதுவும் அடுத்த வாரம் சுருண்டுடும்."

அவ்வளவுதான் பேச முடிந்தது.

"களைக்கொல்லியா? என் பையன் கையால தொட்டானா?" என்று ஒரு அப்பா எழுந்தார். அதற்கப்புறம் யார் என்ன சொன்னார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒரு அம்மா, இரண்டு வாரத்துக்கு முன் புல் அள்ளிய தன் குழந்தையின் உள்ளங்கைகளை இப்போது விரித்து விரித்துப் பார்த்தார். டப்பாவில் எழுதியிருந்ததைச் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. குழுத் தலைவர் தலைமையாசிரியையைத் தனியாகக் கூப்பிட்டார். போகும்போது தலைமையாசிரியை என்னைப் பார்க்கவே இல்லை. கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன்.

இந்தச் சத்தத்துக்கு நடுவில் கமெண்ட்ரி எழுந்து பின்னால் போனான்.

"அப்போ நீ இல்லையா?" என்று எலியிடம் கேட்டான்.

"நான் இல்ல."

"சரி," என்றான். அங்கேயே நின்றான்.

அரை மணியில் இடம் காலியானது. மதிய வெயில். அலுவலக உதவியாளர் வந்து கருவி அறைச் சாவியைக் கேட்டார். கொடுத்தேன். பிறகு மூன்றாவது பாத்தியில் உட்கார்ந்து செடிகளைப் பிடுங்கிச் சாக்கில் போட ஆரம்பித்தேன். உரக்குழிக்குப் போகக்கூடாது என்று சாக்கின் மேல் எழுதினேன்.

நிழல் ஒன்று விழுந்தது. எலி. அவள் அம்மா வாசலில் காத்திருந்தார்.

"மண் எப்போ சரியாகும்?"

"ஒரு வருஷம். அதுக்கு மேலயும் ஆகலாம்."

"அதுவரைக்கும் யாரு பார்த்துக்குவா?"

"தெரியலை. சிமெண்ட் போட்டுடுவாங்க."

அவள் பாத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என் பக்கத்தில் உட்காரவில்லை. என்னை மிஸ் என்றும் கூப்பிடவில்லை. அம்மா கூப்பிட்டதும் போய்விட்டாள். மக்காச்சோளத்தையும் பிடுங்க வேண்டுமா என்று யாரிடமாவது கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்பதற்கு யாரும் இல்லை.