பிசாசு சொன்ன ஆமென்

நான் சவரம் செய்துகொண்டிருந்தபோது சமையலறையிலிருந்து, "உன் வீட்டுக்குள்ள நான் எப்பவோ வந்துட்டேன்" என்று ஒரு குரல் கேட்டது. கத்தி நழுவி, தாடையில் சின்னதாக ஒரு கீறல். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்தும் இது எனக்குப் பழகித் தொலையவில்லை. துண்டால் தாடையை அழுத்திக்கொண்டு எட்டிப் பார்த்தால், என் வீட்டுக்காரி ஒரு கையால் பால் பொங்கிவிடாமல் கிளறிக்கொண்டு, மறு கையில் வசனத் தாளைப் பிடித்தபடி நிற்கிறாள். "ஏம்மா, பேயா மாறுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றேன். "சொல்லிட்டு வந்தா அது பேயா? விருந்தாளி" என்றாள், அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே.

அவளுக்கு டப்பிங் வேலை. திரையில் யாரோ வாயசைப்பார்கள், குரல் இவளுடையதாக இருக்கும். ஆரம்பத்தில் கதாநாயகியின் தோழி, பக்கத்து வீட்டு அக்கா, மருத்துவமனை நர்ஸ் என்று சாதுவான குரல்களாகத்தான் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் பேய்க்குப் பேச வரவேண்டியவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. "சும்மா ஒரு தடவை பேசிப் பாருங்கக்கா" என்று இவளை மைக் முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள். அன்றைக்குப் பிடித்தது. அதற்குப் பிறகு எந்தப் படத்தில் பிசாசு வந்தாலும் எங்கள் வீட்டுக்குத்தான் போன் வரும். ஸ்டுடியோவில் அவளுக்குப் பேயக்கா என்றே பெயராகிவிட்டது. நேரில் பார்த்தால் நம்பமாட்டீர்கள். குள்ளமாக, கன்னம் உப்பி, தெருப் பூனைகூட நம்பி மடியில் ஏறி உட்காரும் முகம்.

இதே தொண்டையோடுதான் ஞாயிற்றுக்கிழமை சபையில் சின்னப் பிள்ளைகளுக்கு வேதக் கதை சொல்வாள். மற்ற வகுப்புகளுக்குப் பிள்ளைகளை அப்பா அம்மா இழுத்துக்கொண்டு வரவேண்டும். இவள் வகுப்புக்குப் பிள்ளைகள் அப்பா அம்மாவை இழுத்துக்கொண்டு வரும். தோட்டத்துப் பாம்பு பேசுகிற இடம் வந்தால் அத்தனை பிள்ளைகளும் 'வீல்' என்று கத்திக்கொண்டு காலைத் தூக்கி பெஞ்சின் மேல் வைத்துக்கொள்ளும். கதை முடிந்ததும், "டீச்சர், பாம்பு இன்னொரு தடவை" என்று கெஞ்சும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் அவள் வாரம் முழுக்க அட்டை வெட்டுவதும் பஞ்சு ஒட்டுவதுமாகத் திரிவாள் என்பது எனக்குத் தெரியும். நாங்கள் அதைப் பேசிக்கொண்டதில்லை.

நானோ, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், படு பயந்தாங்கொள்ளி. கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். ஊருக்கெல்லாம் பார்வை சரிசெய்து கொடுக்கிறேனே தவிர, என் மனைவி பேசிய ஒரு பேய்ப்படத்தைக்கூடக் கண்ணைத் திறந்து பார்த்ததில்லை. டிவியில் விளம்பரம் வந்தாலே காலைத் தூக்கி சோபாவில் வைத்துக்கொள்வேன். அடியிலிருந்து ஏதாவது பிடித்து இழுத்துவிட்டால்? "உங்க காலைப் பிடிச்சு இழுத்து அது என்னங்க பண்ணப் போகுது?" என்று சிரிப்பாள்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். இரண்டு பேரும் பிறந்ததிலிருந்து ஜெபத்திலேயே ஊறியவர்கள். யார் ஜெபத்தை முடித்தாலும், அந்தக் குரல் இறங்குகிற தினுசிலேயே எங்கள் வாய் தானாக 'ஆமென்' சொல்லிவிடும். ஒருமுறை வங்கி மேலாளர் கடன் விதிமுறைகளையெல்லாம் நீளமாகச் சொல்லிவிட்டு, "எல்லாம் நல்லபடியா நடக்கட்டும்" என்று முடித்தார். நான் பக்தியோடு ஆமென் என்றேன். அந்த மனுஷன் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் ஒரு மாதிரியாகத்தான் சிரிக்கிறார்.

வினை ஒரு பேட்டி வடிவத்தில் வந்தது. யாரோ ஒரு தம்பி வந்து, அவளை மைக் முன்னால் உட்காரவைத்து, விதவிதமாகப் பேய்க்குரல் கொடுக்கச் சொல்லி, 'பிசாசுகளின் குரலரசி' என்று தலைப்புப் போட்டு இணையத்தில் விட்டுவிட்டான். அது சுற்றிச் சுற்றி சபை வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேர்ந்தது. காலை வேத வசனத்துக்கும் இரங்கல் செய்திக்கும் நடுவில் என் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு உறுமினாள். முதலில் எல்லாரும் சிரிப்புப் பொம்மைதான் போட்டார்கள். பிறகு எங்கள் சபையிலிருக்கும் பல் டாக்டர் அம்மா ஒரு நீளமான செய்தி எழுதினார். அவர் மகள் இவள் வகுப்பில் படிக்கிறாள். ஒரு வாரமாகச் சாப்பாட்டு மேசையில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் சாப்பிடுகிறாளாம், கேட்டால் கீழே பாம்பு இருக்கிறது என்கிறாளாம். 'வாரம் முழுக்கப் பிசாசுக்கு வாயைக் கொடுப்பவர் ஞாயிற்றுக்கிழமை நம் பிள்ளைகளுக்குக் கர்த்தரைப் பற்றிச் சொல்லலாமா? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.' தெரிந்துகொள்ளக் கேட்பவர்கள் எதற்குக் குழுவில் போடவேண்டும், நேரில் கேட்கலாமே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பாஸ்டர் வீட்டுக்கு வந்தார். வயதில் சின்னவர், நல்ல மனுஷன். யாரையும் நோகடிக்கத் தெரியாமல் தானே நொந்துபோகிற ரகம். காபி ஆறும்வரை டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்.

"அக்கா, எனக்கு உங்க மேல ஒரு சந்தேகமும் இல்ல. ஆனா நாலு குடும்பம் பிள்ளைங்கள அனுப்ப மாட்டோம்னு சொல்றாங்க. சினிமாவா, சண்டே ஸ்கூலான்னு… இந்த ஞாயிறுக்குள்ள நீங்களே ஒரு முடிவு சொன்னா நல்லாருக்கும்."

நான் ஒரு வாக்கியத்தை முடிக்குமுன் மூன்று பதில் வைத்திருப்பவள், எழுந்துபோய் டம்ளர்களைக் கழுவ ஆரம்பித்தாள். கழுவிய டம்ளரையே திரும்பத் திரும்பக் கழுவினாள். "பாம்பு யாரு பேசுவா?" என்று குழாயைப் பார்த்துக் கேட்டாள். வாசல்வரை பாஸ்டரோடு போனவன், "ஒரு தடவை வந்து அவ வேலையைப் பார்த்துட்டு அப்புறம் பேசுங்க பாஸ்டர்" என்று கொஞ்சம் சூடாகவே சொல்லிவிட்டேன். "நீங்க பார்த்திருக்கீங்களாண்ணே?" என்றார் அவர், அப்பாவியாக. வசமாக மாட்டிக்கொண்டேன். இரண்டு பேருமாகப் போவதென்று முடிவாயிற்று.

ஸ்டுடியோ என்றதும் ஏதோ பெரிதாக நினைத்துப் போனேன். ஒரு மாடிப்படி, இருண்ட நடை, குளிர்சாதனத்தில் விறைத்துக் கிடக்கும் ஓர் அறை. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் மைக் முன்னால் என் மனைவி, காதில் ஹெட்போன். இந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர், இயக்குநர், பின்னால் ஒரு பழைய சோபாவில் நானும் பாஸ்டரும், பெண் பார்க்க வந்தவர்கள் போல. ஆரம்பிப்பதற்கு முன் அவள் மைக்கைப் பார்த்தபடி ஒரு நிமிஷம் கண்ணை மூடி உதட்டை அசைத்தாள். "பேயக்கா ஜெபம் பண்ணாம ஸ்டார்ட் பண்ண மாட்டாங்க. ஜெபத்தைக் கிண்டல் பண்ற வசனம் இருந்தாலும் பேச மாட்டாங்க, எழுந்து போயிடுவாங்க. எங்களுக்குப் பழகிடுச்சு" என்றார் ஒலிப்பதிவாளர் திரும்பாமலே.

காட்சி இதுதான். ஒரு பெண்ணைப் பிசாசு பிடித்திருக்கிறது. கட்டில் பக்கத்தில் ஒரு வயதான பாதிரியார் பல நாளாகத் தூங்காமல் நின்று ஜெபிக்கிறார். அவருடைய குரலை ஏற்கனவே பதிவுசெய்துவிட்டார்கள். இவள் அதைக் காதில் கேட்டுக்கொண்டே பிசாசுக்குப் பேசவேண்டும். இயக்குநருக்குக் கடவுளும் கிடையாது, பிசாசும் கிடையாது, நல்ல காட்சி கிடைத்தால் போதும். "அக்கா, இந்த இடத்துல நல்லாக் கத்துங்க. தியேட்டர் அதிரணும்" என்றான் மைக்கில்.

"தம்பி, கத்துனா பாதிரியார் கெட்டியா நின்னுடுவாரு" என்றாள் இவள். "கத்துற பிசாசை எல்லாருக்கும் அடையாளம் தெரியும், கதவைச் சாத்திடுவாங்க. என்கிட்ட அது ஒரு நாளும் கத்தினதில்ல. ரொம்பப் பாசமாத்தான் பேசும். பேசிக் காட்டட்டுமா?"

"உங்ககிட்டயா?" என்று இயக்குநர் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. விளக்கை அணைத்தார்கள். திரையில் பாதிரியார் தள்ளாடினார். அப்போது ஸ்பீக்கரிலிருந்து அந்தக் குரல் வந்தது. உறுமல் இல்லை, ஒன்றும் இல்லை. காய்ச்சலில் கிடப்பவன் நெற்றியில் கை வைத்துப் பேசுகிற மாதிரி ஒரு குரல். "ரொம்பக் களைச்சுட்டீங்க இல்ல? இவ்ளோ நாள் ஜெபிச்சீங்க, யாராவது ஒரு வார்த்தை கேட்டாங்களா? போதும். படுங்க. உங்களுக்காக நான் முழிச்சிருக்கேன்."

என் காலை எப்போது தூக்கினேன் என்றே தெரியாது. பக்கத்தில் பார்த்தால் பாஸ்டரின் காலும் சோபாவின் மேல்தான் இருந்தது. அவர் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. எனக்கோ பயத்தைவிட அழுகைதான் வந்தது. எங்கள் முன்னறையில் ஒரு தொட்டில் சும்மாவே கிடந்த வருஷங்களில், எத்தனை சாயங்காலம் இவள் ஜெபிக்க முழங்காலிட்டுவிட்டு, ஒரு வார்த்தையும் சொல்லாமல் எழுந்து போயிருக்கிறாள். அப்போது அவள் காதில் பேசியது இதுதானா? இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் நான் கேட்டதே இல்லையே.

திரையில் பாதிரியார் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு மறுபடி எழுந்தார். உடைந்த குரலில் ஜெபத்தைத் தொடர்ந்தார். உச்சத்துக்குப் போய், குரல் மெல்ல இறங்கி, முடிந்தது. பிசாசு அலறிக்கொண்டு ஓடவேண்டிய இடம். ஸ்பீக்கரில் பிசாசு, கனிந்த குரலில், தெளிவாக, "ஆமென்" என்றது.

அதே நொடியில் சோபாவில் இரண்டு ஆமென்கள் விழுந்தன. ஒன்று என்னுடையது. இன்னொன்று பாஸ்டருடையது.

"அக்கா! பிசாசே ஆமென் சொன்னா அப்புறம் நான் எதுக்குப் படம் எடுக்கணும்?" என்று இயக்குநர் தலையில் கை வைத்தான். ஒலிப்பதிவாளர் மேசையில் கவிழ்ந்து குலுங்கினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணை உருட்டி எங்களைப் பார்த்தாள். பாஸ்டர் சிரிக்க ஆரம்பித்து, சிரித்துச் சிரித்து, கடைசியில் கர்ச்சீப்பை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுபடி பதிவு செய்தபோது பிசாசு ஒழுங்காக அலறிவிட்டுப் போனது.

வெளியே வந்ததும் ஏதாவது சொல்வார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் என் பக்கம் குனிந்து, "சனிக்கிழமை பிரசங்கம் எழுத உட்கார்ந்தா எனக்கும் அது அப்படித்தாண்ணே பேசும்" என்றார். பிறகு, "நான் வேதத்துல சாத்தான் பேசுற பகுதியை வாசிக்கிறது எப்படியிருக்கும்? உண்மையைச் சொல்லுங்க" என்றார். எனக்குப் பொய் சொல்ல வராது. "கரண்ட் பில் வாசிக்கிற மாதிரி இருக்கும் பாஸ்டர்" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

சனிக்கிழமை வரைக்கும் அவரிடமிருந்து போன் இல்லை. குழுவில் பல் டாக்டர் அம்மா, 'முடிவு என்ன ஆயிற்று?' என்று கேட்டிருந்தார். பாஸ்டர் பதில் போடவில்லை. இவள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அட்டையில் ஆடு வெட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு ஆட்டுக்கும் பஞ்சு ஒட்டி, ஒரு கண் வைத்து, வரிசையாகக் காயப்போட்டாள். "சினிமாவை விட்டுடலாம்னு பார்க்கறேங்க" என்றாள் திடீரென்று. "வகுப்பு இல்லாம என்னால முடியாது." சினிமாவையும் விட முடியாது என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது. நான் பசை டப்பாவைத் திறந்து கொடுத்தேன். அந்த ஆடுகளை யார் பிள்ளைகளிடம் கொடுக்கப்போகிறார்கள் என்று இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஞாயிறு காலை அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்தாள். பிள்ளைகள் முன்வரிசையில். எங்களுக்கு இரண்டு பெஞ்ச் முன்னால் பல் டாக்டர் அம்மா, விறைப்பாக. புது செருப்பு கடித்ததோ என்னவோ, உட்கார்ந்ததும் கழற்றிவிட்டிருந்தார். பாட்டு முடிந்து, பாஸ்டர் வேத வாசிப்புக்கு எழுந்தார். இயேசு வனாந்தரத்தில் பட்டினி கிடக்கிற பகுதி. வழக்கம்போலத்தான் வாசித்தார். சாத்தான் சோதனைக்காரனாகப் பக்கத்தில் வருகிற இடம்வரை வந்தார், நிறுத்தினார்.

"அக்கா, அவன் பேசுறதை நீங்க வாசிங்க" என்றார், மைக்கை எங்கள் பக்கம் நீட்டி. "நம்ம பிள்ளைங்களுக்கு அந்தக் குரல் அடையாளம் தெரியணும்."

சபை மொத்தமும் திரும்பியது. இவள் என்னைப் பார்த்தாள். நான் அவள் மடியிலிருந்த ஆட்டுப் பெட்டியை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். எழுந்து போனாள். மைக் அவளுக்கு உயரமாக இருந்தது, பாஸ்டர் இறக்கிக் கொடுத்தார். நான் செய்துகொடுத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வேதத்தில் விரலை வைத்து, லேசாகத் தொண்டையைச் செருமினாள்.

அந்தச் செருமல் பிள்ளைகளுக்குத் தெரியும். முன்வரிசையில் அத்தனை கால்களும் ஒன்றாகப் பெஞ்சின் மேல் ஏறின. என்னுடையதும் ஏறிவிட்டது. இரண்டு பெஞ்சுக்கு முன்னால், பல் டாக்டர் அம்மாவின் புது செருப்புகள் மட்டும் தரையில் தனியாகக் கிடந்தன.