சுருண்ட நூல்

கத்தரித்த நூல் நேராக விழும். பிரித்த நூல் சுருண்டு விழும். இருபது வருஷமாகத் துண்டுத்துணிப் போர்வை தைப்பவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால்தான் அன்று காலை குப்பைக்கூடையில் சுருள்சுருளாகக் கிடந்த வெள்ளை நூலைப் பார்த்ததும் அண்ணி குனிந்து ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

அவளுக்கு அண்ணி என்பதே பெயராகிவிட்டது. நாத்தனார் வார்த்தைக்கு வார்த்தை அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டு, போர்வை தைக்கச் சொல்லியிருந்த பல் டாக்டர்கூட “அண்ணி இருக்காங்களா” என்றுதான் கேட்பார். முன்னறை முழுக்கத் தையல்தான். ஜன்னலோரம் அண்ணியின் உயர நாற்காலி, எதிரே இஸ்திரி மேஜை, சுவரை ஒட்டி அச்சுத்துணி அடுக்கிய அலமாரி. கிளி போட்டது, குடை போட்டது, செர்ரிப்பழம் போட்டது, மீன் போட்டது என்று நிறம் நிறமாக. நாற்காலி அண்ணிக்கு, இஸ்திரி மேஜை நாத்தனாருக்கு. யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் மாறியதும் இல்லை.

நாத்தனார் வந்து இரண்டு வருஷம். ஒரு பெட்டியோடு வாசலில் நின்று, வேலை போய்விட்டது, போக்கிடம் இல்லை, கொஞ்ச நாள் இருந்துகொள்கிறேன் என்றாள். அதற்கு முன் ஒரு துணி ஆலையில், தைத்து முடித்ததைச் சரிபார்க்கும் பிரிவில் பெரிய பொறுப்பு. தனி ஆள், பிக்கல் பிடுங்கல் இல்லை. அண்ணி மனமுவந்துதான் சேர்த்துக்கொண்டாள். மனமுவந்து சேர்த்துக்கொண்டதைத் தெருவில் நாலு பேருக்குச் சொல்லவும் செய்தாள். துணி வெட்டுவது, இஸ்திரி போடுவது, நூல் பொறுக்குவது எல்லாம் நாத்தனாருக்கு. ஊசி மட்டும் அண்ணி கையில். “உங்க கை மாதிரி வராது” என்று டாக்டர் சொன்னபோது நாத்தனார் தலையைக் குனிந்து சிரித்தாளே, அந்தச் சிரிப்பு இப்போதுதான் அண்ணிக்கு உறுத்தியது. ஊமைக்கோட்டான் என்று மனசுக்குள் ஒரு பட்டமும் கொடுத்தாள்.

ஏனென்றால் இந்த ஊமைக்கோட்டான் விடியும் முன்பே எழுந்து முன்னறைக்குப் போகிறாள். கதவு சாத்தியிருக்கும். ஏன் என்று கேட்டால், தூக்கம் வரவில்லை, துணி மடித்தேன் என்பாள். துணி மடிக்கிறவளுக்குக் கூடையில் பிரித்த நூல் எப்படி வரும்? அண்ணி போட்ட தையலை யாரோ பிரிக்கிறார்கள். அந்த யாரோ வெளியாள் இல்லை. தையலைத் தளர்த்திவிட்டால் டாக்டர் வீட்டுச் சுவரில் அலங்காரமாகத் தொங்கும்போது பிளந்துகொள்ளும். பெயர் கெடும். அதற்குப் பிறகு அந்த நாற்காலியில் யார் உட்காருவார்கள்? அண்ணி போர்வையை இழுத்து இழுத்துப் பார்த்தாள். எங்கும் தளரவில்லை. அதுவே இன்னும் சந்தேகமாக இருந்தது.

அவளிடமும் ஒரு ரகசியம் இருந்தது. சில வருஷமாக வலது கை நடுங்குகிறது. தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடிப்பாள், தைக்கும்போது மணிக்கட்டை மேஜையில் அழுத்திக்கொள்வாள். சாயங்காலம் கோணலாகத் தெரியும் தையல் மறுநாள் காலையில் நேராகத் தெரியும். களைப்பில் கண் ஏமாற்றுகிறது, கை இன்னும் சொன்னபடி கேட்கிறது என்று தேற்றிக்கொள்வாள். இது யாருக்கும் தெரியாது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. எல்லாவற்றையும் சந்தேகித்தவள் இதை மட்டும் சந்தேகிக்கவில்லை.

டாக்டருக்குத் தைப்பது ஆறுமூலைப் போர்வை. உள்ளங்கை அகலத்துக்குத் தாளை ஆறு மூலையாக வெட்டி, அதன்மேல் துணியை மடித்து, ஓட்டுத்தையலால் தாளோடு பிடித்துவைக்க வேண்டும். பிறகு துண்டுகளை ஓரத்தோடு ஓரம் இணைக்க வேண்டும். ஒரு துண்டைச் சுற்றி ஆறு துண்டும் வந்து சேர்ந்தபிறகுதான் அதன் தாளை உருவலாம். முன்னால் உருவினால் மூலை மழுங்கிவிடும். தாள் விறைப்பாக இருக்க வேண்டும் என்பதால், கணவர் தன் அலுவலகத்திலிருந்து கொண்டுவரும் பழைய படத்தாள்களைத்தான் வெட்டுவார்கள். அவர் கட்டட வரைபடம் போடுகிறவர். கோடு போட்ட பக்கம் வெளியே தெரியும்படி வைப்பது அண்ணியின் வழக்கம். கோட்டை வைத்துத் துணியை நேராகப் பிடிக்கலாம்.

செவ்வாய்க்கிழமை தாள் தீர்ந்துபோயிற்று. நாத்தனார் கடைக்குப் போயிருந்தாள். அவளுடைய அட்டைக் கோப்பில் நாலாக மடித்த ஒரு படத்தாள் இருந்தது. மாடிப்படி வரைந்த தாள். அண்ணி அதை எடுத்து, மடித்தபடியே வெட்டி, பின்பக்கத்தைப் பார்க்காமலே குடைத்துணியும் மீன்துணியும் சுற்றி, இரண்டு நாளில் போர்வையில் இணைத்தும் விட்டாள்.

வியாழக்கிழமை நாத்தனார் அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தாள். முகம் வெளிறியிருந்தது.

“அண்ணி, இங்க ஒரு பழைய தாள் இருந்துச்சே, பாத்தீங்களா?”

“எந்தத் தாள்?” என்றாள் அண்ணி. தெரியும். ஆனாலும் கேட்டாள்.

“ஒண்ணுமில்ல. சும்மா ஒரு தாள்” என்று நாத்தனார் கோப்பை மூடிவிட்டாள்.

சும்மா ஒரு தாளுக்கு யாராவது முகம் வெளிறுவார்களா? அவள் அடுக்களைப் பக்கம் போனதும் அண்ணி போர்வையைத் திருப்பினாள். அந்தத் தாளில் மூன்று துண்டு மட்டும் ஆறு பக்கமும் சூழப்பட்டிருந்தன. ஓட்டுத்தையலை அறுத்து உருவினாள். கோடு போட்ட பக்கத்துக்குப் பின்னால், துணியோடு ஒட்டிக் கிடந்த பக்கத்தில், எழுத்து. கணவரின் கையெழுத்து.

ஒன்றில், “மெதுவாக எல்லாவற்றையும் நீ”. இன்னொன்றில், “வேலை அவள் கையை விட்டுப் போ”. மூன்றாவதில், “அவளுக்குத் தெரியக் கூ”.

துண்டுகளைச் சேர்த்துச் சேர்த்துப் பழகிய கை அல்லவா, மூன்றையும் ஓரத்தோடு ஓரம் வைத்துப் பார்த்தாள். பூ விரிந்த மாதிரி அழகாக ஒரு சதி விரிந்தது. அண்ணனும் தங்கையும் பேசிவைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தொழிலை அவள் கையிலிருந்து எடுக்கிறார்கள். அதற்குத்தான் விடியற்காலை வேலை. அதற்குத்தான் சுருண்ட நூல். மூன்று தாளையும் குண்டூசி டப்பாவில் போட்டு மூடினாள்.

மறுநாள் கணவரிடம் மெல்லத் தூண்டில் போட்டாள். உங்கள் தங்கை எத்தனை நாள்தான் இங்கேயே இருப்பாள், அவளுக்கென்று ஒரு வேலை பார்க்க வேண்டாமா என்று கேட்டாள். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவர் பிசைவதை நிறுத்திவிட்டார்.

“ஏன், அவ இருந்தா உனக்கு உதவிதானே?”

“உதவியா, யாருக்கு?”

அவர் தண்ணீரை எடுத்துக் குடித்தார். தாகம் எடுத்துக் குடித்த மாதிரித் தெரியவில்லை. பதினெட்டு வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு இதுகூடத் தெரியாதா? அன்று சாயங்காலம் அண்ணனும் தங்கையும் நடையில் நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். இவள் தலையைக் கண்டதும் வானிலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். அந்த வீட்டில் வானிலையைப் பற்றி யாரும் பேசியதே கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை, போர்வைக்குள் வைக்கும் பஞ்சுத் தகடு வாங்க இரண்டு பேரும் சேர்ந்து கிளம்பினார்கள். ஒரு பஞ்சுத் தகட்டுக்கு இரண்டு ஆள். அண்ணி கதவைத் தாழிட்டாள்.

மிச்சத் துண்டுகளெல்லாம் போர்வையின் ஓரத்தில் இருந்தன. இன்னும் சூழப்படாதவை. இப்போது உருவினால் அத்தனை மூலையும் கெடும். செவ்வாய்க்கிழமை டாக்டர் வருவார். வந்தால் வரட்டும். தொழிலே கைமாறும்போது மூலை மழுங்கினால் என்ன? நல்ல பகல் வெளிச்சத்தில், தன் போர்வையைத் தானே பிரித்தாள். மாடிப்படிக் கோடு தெரிந்த ஒவ்வொரு தாளையும் உருவித் தரையில் திருப்பிப்போட்டாள். இருபத்தொன்று. டப்பாவில் இருந்த மூன்றையும் கொட்டினாள். மண்டியிட்டு வரியோடு வரி சேர்த்தாள். அரை மணி நேரத்தில் தாள் முழுசாகிவிட்டது. மேலே தேதி இருந்தது. நாத்தனார் பெட்டியோடு வந்து நின்றதற்கு ஒரு மாதம் முந்தைய தேதி.

“போனில் பேசினால் பக்கத்து அறையில் அவளுக்குக் கேட்கும் என்பதால் எழுதுகிறேன். அவளுக்குக் கை நடுங்க ஆரம்பித்திருக்கிறது. மறைக்கிறாள். நானும் பார்க்காததுபோல் இருக்கிறேன். தையல் கோணிப்போகிறது. இந்த வேலை அவள் கையை விட்டுப் போனால் உடைந்துபோவாள். உன் வேலையை விட்டுவிட்டு வா என்று கேட்க எனக்கு வாயில்லை. ஆனாலும் கேட்கிறேன். போக்கிடம் இல்லாமல் வந்ததாகவே அவள் நினைக்கட்டும். கோணியதைப் பிரித்து, மெதுவாக எல்லாவற்றையும் நீ சரிசெய்துவிடு. அவளுக்குத் தெரியக் கூடாது.”

அண்ணி இரண்டாம் தடவை படிக்கவில்லை. ஒரு தடவையே தாங்கவில்லை. முதலில் வந்தது கோபம். இரண்டு வருஷம் அவளை வைத்து ஒரு நாடகம், அதில் அவளுக்கு மட்டும் அது நாடகம் என்று தெரியாது. பிறகுதான் வெட்கம் வந்தது, காதுமடல் வரைக்கும். நல்ல வேலையை உதறிவிட்டு வந்தவளை நூல் பொறுக்க வைத்தாள். அந்தக் கையை டாக்டர் புகழ்ந்தபோது, தன் கை என்று வாங்கிக்கொண்டாள். அடைக்கலம் கொடுத்தேன் என்று தெருவெல்லாம் சொன்னாளே, அதை எங்கே போய்த் திருப்பி வாங்குவது?

தெரியக் கூடாது என்றுதானே எழுதியிருக்கிறார், அப்படியே இருக்கட்டும் என்று முடிவு செய்தாள். ஓரத்துத் தாள்களை மறுபடி அதனதன் துணிக்குள் செருகி ஓட்டுத்தையல் போட உட்கார்ந்தாள். அப்போதுதான், யாரும் திருத்தாத தன் தையலை அவள் நேருக்கு நேர் பார்த்தாள். களைப்பும் இல்லை, கண்ணும் ஏமாற்றவில்லை. எறும்பு வழிதவறிப் போனது போல இருந்தது. பொறுத்துக்கொண்டு இருபத்தொன்றையும் முடித்தாள். கடைசி முடிச்சுப் போடும்போது வாசலில் மணி அடித்தது.

கணவர் வண்டியைப் பூட்டிக்கொண்டிருந்தார். அண்ணி தாழை நீக்கியதும் நாத்தனார் நேராக உள்ளே வந்து, வழக்கம்போல இஸ்திரிப்பெட்டியைச் சூடேற வைத்துவிட்டு, போர்வையைத் திருப்பி விரித்தாள். அப்படியே நின்றுவிட்டாள். ஓரத்துத் தாள்களில் மாடிப்படிக் கோடு ஓடியது; படத்தாள் எல்லாவற்றிலும் கோடுதான் என்பதால் இதுவரை அவள் கவனித்ததில்லை. அவசரத்தில் ஒரே ஒரு தாள் மட்டும் புரண்டிருந்தது. அதில் அவளுடைய அண்ணன் கையெழுத்து: “போக்கிடம் இல்லாமல் வந்ததாகவே அவ”.

பெட்டியின் சூடு ஏறி ‘டிக்’ என்று நின்றது. இரண்டு பேரும் அதைக் கேட்டார்கள். நாத்தனார் அந்தத் தாளைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டாள். யாரிடமிருந்து மறைக்கிறாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

“அண்ணி,” என்றாள். “இந்த ஓரத்தை நான் பாத்துக்கட்டுமா?”

“ரெண்டு வருஷமா என்னைக் கேட்டுட்டா பாத்தே?”

நாத்தனாருக்குக் கண் நிறைந்துவிட்டது. அண்ணி மேஜையில் அழுத்தி வைத்திருந்த வலது கையைத் தூக்கி, நடுங்குகிறபடியே அவள் முன்னால் நீட்டினாள். அந்தக் கையை அவள் யாருக்கும் அப்படிக் காட்டியதில்லை. நாத்தனார் அதைப் பிடித்து நிறுத்தவில்லை. நடுங்குகிற கைக்குள் தன் கையை வைத்துக்கொண்டாள்.

“இனிமே விடியக்காலைல திருடி மாதிரி எழுந்து வராதே” என்றாள் அண்ணி. “என் எதிர்லயே பிரி. இந்த நாற்காலில உக்காரு, வெளிச்சம் இங்கதான். டாக்டர் வந்தா யார் கைன்னு நான் சொல்லிக்கறேன்.”

கனமான இஸ்திரிப்பெட்டியைப் பிடித்தபோது கை அவ்வளவாக நடுங்கவில்லை. அண்ணி மீன் போட்ட துண்டை இஸ்திரி போட ஆரம்பித்தாள். பஞ்சுத் தகட்டைச் சுமந்துகொண்டு உள்ளே வந்த கணவர், ஊசி தங்கை கையிலும் பெட்டி மனைவி கையிலும் இருப்பதைப் பார்த்தார். பார்க்காததுபோல் இருப்பது அவருக்குப் பழக்கம்தான். ஆனால் அன்று அதற்கு அவரால் முடியவில்லை.

“என்னங்க,” என்றாள் அண்ணி, தலையை நிமிர்த்தாமல். “இனிமே ஏதாவது எழுதறதா இருந்தா மெல்லிசுத் தாளா பாத்து எழுதுங்க. படத்தாள் எங்க வேலைக்கு ரொம்ப நல்லா இருக்கு.”