முள் மூடிய ஊற்று

பொக்லைன் மலையேற இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. எண்ணெய்க் குழாய் பதிக்க நட்ட சிவப்புக் கொடிகளில் ஒன்று, ஊர் முழுக்கக் குடிக்கும் ஊற்றின் விளிம்பிலேயே நின்றது.

கோடையில் குழாய்க் கம்பெனிக்காகத் தடத்தை அளந்துவிட்டுப் போன ஜெனிலா, கண்ணமங்கலத்துப் பெண், வரைபடத்தோடு மறுபடி வந்திருந்தாள். ஊரார் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ஊர்க்காரி அம்சவல்லி மட்டும் கொஞ்சம் தள்ளி நின்றாள்.

"இன்னாம்மா, கண்ண வூட்லயே வச்சிட்டு வந்தியா? இம்மாம் பெரிய ஊத்து தெரியலயா?" என்றான் வெற்றிச்செல்வன்.

"அன்னிக்கு இங்க வெறும் முள்ளுதாங்க கெடந்துச்சு."

"மாடு எறங்காம இருக்க கோடையில முள்ளு போடுவோம். ஆனா மொண்டு எடுக்க ஒரு வழி விட்டுத்தான் போடுவோம்."

"வழியே இல்லீங்க. கேட்டதுக்கும் தண்ணி கெடையாதுன்னாங்க."

"யாரு?"

ஜெனிலாவின் பார்வை அம்சவல்லியைத் தொட்டுவிட்டு வரைபடத்துக்குத் திரும்பியது. "ஞாபகமில்லீங்க."

"என் வண்டிக்கும் பெட்ரோல் வேணும்தான். அதுக்காக அதையே குடிக்க முடியுமா?" என்றான் வெற்றிச்செல்வன்.

யாரும் சிரிக்கவில்லை.

"கம்பெனியில தடத்த மாத்தச் சொல்லிப் பார்க்கலாம்ங்க," என்றாள் ஜெனிலா தாழ்ந்த குரலில். "கேப்பாங்களான்னு தெரியல. அன்னிக்கு ஊத்து ஏன் தெரியலன்னு ஊர்ல ஒருத்தர் எழுதிக் குடுக்கணும். இல்லன்னா, வேலைய நிறுத்த இப்பதான் தோண்டினீங்கன்னு சொல்லிடுவாங்க."

அம்சவல்லி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். கொடி காற்றில் படபடத்தது.

"தண்ணி இல்லன்னு சொன்னது நான்தான்," என்றாள். "ஊத்தப் பார்த்தா கம்பெனிக்காரங்க எடுத்துக்குவாங்கன்னு பயந்து, அந்த வழியையும் முள்ளு வச்சி நான்தான் அடைச்சேன்."