ஐந்து வட்டங்கள்

ஊசி டக்கென்று விரலில் இறங்கியது, ரத்தம் வரவில்லை. தேவானை புது ஊசி எடுத்து அடுத்த விரலைக் குத்தினாள். அதுவும் அப்படியே. பட்டினப்பாக்கத்தில் இருபது வருடமாக மீன் வெட்டுகிற கை. தோல் காய்த்துப் போயிருந்தது.

அவளுக்கு எச்.ஐ.வி. வந்து பதினோரு வருடம். புருஷன் அதிலேயே போய்ச் சேர்ந்தான். மகள் நிலாவிடம் பிரஷர் மாத்திரை என்று சொல்லி வைத்திருந்தாள். வீட்டிலேயே ரத்தம் எடுத்து அனுப்பும் ஆராய்ச்சிக்கு அவள் சம்மதித்ததே, ஆஸ்பத்திரி வரிசையில் தெரிந்த முகம் எதிலும் விழிக்க வேண்டாம் என்றுதான். ரத்தச் சொட்டு விட அவர்கள் கொடுத்த அட்டையில் ஐந்து வட்டங்கள். ஐந்தும் நிறைய வேண்டும்.

போனில் நர்ஸ் ஷீலா சொன்னாள்: "வெந்நீர்ல கைய வைங்கக்கா. அப்புறம் மோதிர விரல் ஓரத்துல குத்துங்க."

அப்படியே செய்து குத்தியபோது வெளியே சாவி திரும்பியது. தி. நகர் துணிக்கடையில் வேலை பார்க்கும் நிலா, தலைவலி என்று பாதியிலேயே வந்துவிட்டாள்.

"இன்னாமா பண்ணிக்கினு கீற?"

தேவானை கையை முந்தானைக்குள் இழுத்தாள். ஆராய்ச்சிக்காரர்கள் கொடுத்த விளக்கத் தாள் தரையில் கிடந்தது. நிலா அதை எடுத்து, நின்றபடியே கடைசி வரி வரை படித்தாள்.

"நைனாவுக்கும் இதானா?"

தேவானை தலையசைத்தாள்.

"எனக்கு?"

"இல்லடி. உனுக்கு சின்னதுலயே ரெண்டு வாட்டி டெஸ்ட் எடுத்தாச்சி. ஒண்ணுமில்ல."

நிலா தாளை இன்னொரு முறை பார்த்தாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தொடாத!"

"தொட்டா ஒட்டாதுனு இதுல போட்டுக்கீதுமா. நான் புடிச்சிக்கிறேன், நீ அமுக்கு."

விரலோரத்தில் ஒரு சொட்டு திரண்டது. இத்தனை வருடமும் ஊசி ஏறும்போதெல்லாம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டவள் தேவானை. மீன் முள் குத்திக் கசிந்தால்கூட விஷத்தைக் கழுவுவதுபோல் தேய்த்துக் கழுவுவாள். இன்றுதான் பார்த்தாள். உருண்டையாக, பளபளப்பாக, ஜன்னல் வெளிச்சத்தைத் தனக்குள் சின்னதாக வைத்துக்கொண்டு அது நின்றது. இதுவா? தன் உடம்புக்குள் ராப்பகலாக ஓடிக்கொண்டிருந்தது இதுவா?

"செவப்பா, என்னுது மாதிரியே கீது," என்றாள் நிலா மெதுவாக.

சொட்டு வட்டத்தில் விழுந்தது. அட்டை அதைக் குடித்து, ஓரம் வரை பரப்பியது. இன்னொன்று. இன்னொன்று.

அட்டை தானாகக் காய வேண்டுமாம். நிலா எழுந்து மின்விசிறியை நிறுத்தினாள். இரண்டு பேரும் வியர்க்க வியர்க்கத் தரையில் உட்கார்ந்து, ஐந்து சிவப்பு வட்டங்களும் ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல நிறம் ஆழ்ந்து வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.