சீன ஆளுநரும் தகர வேலியும்

கனகசபாபதி தன் வாழ்நாளில் எழுதியது ஒரேயொரு நாவல். எழுபத்தொன்பதில் அச்சான 'பருத்தித்துறையில் சீன ஆளுநர்'. இரண்டாயிரத்து இருபத்தைந்தில் சீனா உலகத்தையே ஆளும், உடுப்பிட்டிப் பிள்ளைகள் குச்சியால் புட்டுச் சாப்பிடும் என்றெல்லாம் அடித்துவிட்டிருந்தார். அந்த ஆண்டும் வந்துவிட்டது. கொழும்புப் பதிப்பகம் ஒன்று அதை மறுபடி போட ஆசைப்பட்டது. ஆனால் அவரிடம் ஒரு பிரதிகூட இல்லை. எல்லாம் போர்க்கால இடம்பெயர்வுகளில் போய்விட்டன. மிஞ்சிய ஒரே பிரதி பக்கத்து வளவு வீட்டுக்காரர் பொன்னம்பலத்திடம் இருந்தது.

அங்கேதான் வில்லங்கம். எல்லையில் வேலிக்கு நட்ட கதியால் மரம் ஒன்று யாருடையது என்ற சண்டையில் இருவருக்கும் பேச்சு அறுந்து வருடக்கணக்காகிறது. பொன்னம்பலம் தென்னோலைக் கிடுகு வேலியைப் பிடுங்கிவிட்டுத் தகரம் அடித்திருந்தார். கிடுகு வேலியில் ஆள் நுழைந்து போக ஒரு பொட்டு இருந்தது. தகரத்தில் ஏது பொட்டு?

"போய்க் கேளுங்கோவன். தலையே போகப்போகுது?" என்றாள் மனைவி ஞானாம்பிகை.

தலை போனால் பரவாயில்லை, மானமல்லவா போகும்! ஆனாலும் புத்தக ஆசை வென்றது. ஒழுங்கை வழியாகச் சுற்றிப் போய்ப் படலைக் கதவைத் தட்டினார்.

பொன்னம்பலம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "புத்தகம் இந்த வளவை விட்டு வெளிக்கிடாது. கைபேசியாலை படம் எடுக்கிற வேலையும் வேண்டாம். வேணுமெண்டால் இஞ்சை இருந்து வாசியும்."

தன் புத்தகத்தை எதிரியின் விறாந்தையில், எதிரியின் தேநீரோடு வாசிக்க வேண்டிய தலைவிதி! வாசிக்க வாசிக்க வெட்கம் பிடுங்கித் தின்றது. பறக்கும் கார் வரவில்லை. மாத்திரைச் சோறும் வரவில்லை. புட்டு இன்னும் கையால்தான்.

"றைஸ் குக்கர், ரோச் லைற், சாமிப்படத்துக்கு மேலை மினுங்கிற லைற், எல்லாம் சீனாதானே," என்று பொன்னம்பலம் தானாக ஆறுதல் சொன்னார். "ஆளுநர்தான் வரேல்லை. சாமான் வந்திட்டுது."

கடைசி அதிகாரத்தில் சீன ஆளுநர் உடுப்பிட்டி வேலிச் சண்டை ஒன்றைத் தீர்க்க வருகிறார். வானத்துச் செய்மதியால் எல்லையை அளக்கிறார். இரண்டு பகுதியாரும் 'அளவு பிழை' என்கிறார்கள். ஆளுநர் நெருப்புக் கக்கும் கருவியால் வேலியை அறுத்தெறிந்துவிட்டு, "உங்களை ஆள எங்களால் ஏலாது" என்று பீக்கிங்குக்குக் கப்பலேறுகிறார். கனகசபாபதி சத்தமாக வாசித்து முடித்தபோது பொன்னம்பலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கனகசபாபதிக்கும் தொற்றிக்கொண்டது. சிரித்துச் சிரித்துக் கண் கலங்கியபோதுதான், இந்த மனிதரை இத்தனை நாளும் மனம் தேடியிருக்கிறது என்று அவருக்கு விளங்கியது.

"அண்ணை, புத்தகத்தைத் தாங்கோ. அச்சடிச்ச கையோடை கொண்டுவந்து தாறன்."

"வெளிக்கிடாதெண்டால் வெளிக்கிடாதுதான்." பொன்னம்பலம் புத்தகத்தோடு உள்ளே போய்விட்டார். கனகசபாபதி முகம் கறுத்து வீடு திரும்பினார்.

மறுநாள் காலை வேலிப் பக்கம் காது கிழியும் சத்தம். கனகசபாபதியும் ஞானாம்பிகையும் ஓடிப்போய்ப் பார்த்தார்கள். தகரத்தில் தீப்பொறி பறந்தது. ஆள் நுழையுமளவு ஒரு துண்டு அறுந்து விழுந்தது. அந்தப் பொட்டுக்கு அப்பால் தகரம் அறுக்கும் சீனாக் கிரைண்டரும் பொன்னம்பலமும் தெரிந்தார்கள்.

"புத்தகம் வளவை விட்டு வெளிக்கிடாதெண்டனான்," என்று அவர் புத்தகத்தை நீட்டினார். "இப்ப ரெண்டும் ஒரே வளவுதானே. ஆனால் கதியால் என்ரைதான், சொல்லிப்போட்டன்!"

கனகசபாபதி புத்தகத்தை இரு கையாலும் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"அளவு பிழை, அண்ணை," என்றார்.