உப்புப் பார்க்கும் பிள்ளை

நோன்பு மாதத்தில் பள்ளிவாசல் கஞ்சிக்கு உப்புப் பார்ப்பது பெரிய தலைவலி. அரிகிறவர், கிண்டுகிறவர், கழுவுகிறவர் எல்லோரும் நோன்பாளிகள். நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடலாம் என்று மார்க்கம் அனுமதித்தாலும், சமையல்காரர் நெய்னா முகம்மதுவின் மனசு அனுமதிக்காது. அதனால் வெங்காயம் உரிக்க வந்த முனீராவோடு அவளுடைய ஏழு வயது மகள் அமீரா ஒட்டிக்கொண்டு வந்த அன்றே, நோன்பு வைக்கிற வயது வராத அவளை உப்புப் பார்க்கிற வேலையில் போட்டுவிட்டார். எல்லாப் பிள்ளைகளுக்கும் அவர் நன்னா, தாத்தா முறை. இவளுக்கும் நன்னாதான்.

ஃபேரர் பார்க் வட்டாரப் பள்ளிவாசலில் கொதிக்கிற அந்தக் கஞ்சியில் பாதி, வாங்க வருகிறவர்களின் வீடுகளுக்குப் போகும். மீதியை, உதவிக்கு வருகிற நடேசன் தன் வேனில் ஏற்றி, கடைகளின் முன்னால் கூரை போட்ட ஐந்தடிப் பாதையிலும் அடுக்குமாடி புளோக்குகளின் கீழ்த்தளத்திலும் படுத்துக் கிடப்பவர்களுக்கு, தஞ்சோங் பகார் வரைக்கும் கொண்டுபோய்க் கொடுப்பார். பலருக்கு அன்றைக்கு அதுதான் சாப்பாடு. வீடில்லாதவர்களுக்காக இப்படி உழைக்கிறார்களே என்று தாயையும் மகளையும் எல்லோரும் வாயாரப் புகழ்ந்தார்கள். அவர்களுக்கே வீடு இல்லையோ என்ற சந்தேகம் ஒருவருக்காவது வந்திருக்கலாம். வரவில்லை.

புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு, ஈசூனில் வாடகைக்கு இருந்த அறையும் போயிற்று. இப்போது இருவரும் விமான நிலைய நாற்காலிகளில், ஒரு பெட்டியை முன்னால் நிறுத்திக்கொண்டு, ஊருக்குப் போகிறவர்கள் போலத் தூங்குகிறார்கள். விஷயம் வெளியே தெரிந்தால் அரசாங்க ஆட்கள் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போய் ஏதாவது இல்லத்தில் விட்டுவிடுவார்கள் என்று முனீராவுக்குப் பயம். அது உண்மைதானா என்று விசாரிக்கக்கூட அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. பசிக்கிறது என்று யாரிடமும் வாயைத் திறக்காதே, திறந்தால் உன்னை என்னிடமிருந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று மகளிடம் சொல்லி வைத்திருந்தாள். ஏழு வயதுப் பிள்ளை தாங்குகிற பாரமா அது? தாய்க்கு வேறு வழி தெரியவில்லை.

அது பள்ளி விடுமுறை வாரம். கேன்டீன் சாப்பாடும் கிடையாது. முந்தின நாள் நோன்பு திறந்தபோது சாப்பிட்டதுதான். முனீராவுக்காவது நோன்பு என்று ஒரு பேர் இருந்தது. பிள்ளை குழாய்த் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தது.

கஞ்சி இறக்கும் பதத்துக்கு வந்ததும் நெய்னா ஒரு கிண்ணத்தில் ஊற்றி, ஊதிக் கொடுத்தார். வழக்கமாக ஒரு வாய் குடித்துவிட்டுத் தலையாட்டுகிறவள், அன்று கிண்ணத்தை வழித்துக் குடித்துவிட்டு உப்புப் பத்தாது என்றாள். அவர் ஒரு கை அள்ளிப் போட்டுக் கிண்டி, மறுபடி ஊற்றினார். இன்னும் பத்தாது. கடலிலேயே பிறந்தவளா நீ என்று கேலி செய்தபடி மேலும் ஒரு கை போட்டார்.

வெங்காயத் தோலைக் கூட்டிக்கொண்டிருந்த முனீராவின் கை நின்றது. மகள் உப்புப் பார்க்கவில்லை, சாப்பிடுகிறாள். போதும் என்று சொல்லிவிட்டால் அடுத்த கிண்ணம் வராது. அதனால் கரிக்கிற கஞ்சியை முகம் சுளிக்காமல் விழுங்கிக்கொண்டிருந்தாள். நிறுத்துங்கள் என்று முனீரா அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், ஏன் என்று கேட்பார்களே. குனிந்து மறுபடி தோலைக் கூட்டினாள். நெய்னா மறுபடியும் உப்பில் கை வைத்தார்.

நடேசன் வேனை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். அவருக்கு நோன்பு இல்லை. ஒரு கோப்பை மொண்டு வாயில் வைத்தவர், ஓடிப்போய்த் தொட்டியில் துப்பினார்.

"பாய், இத மனுஷன் குடிக்க முடியாது லா."

நெய்னாவின் முகம் செத்துப்போயிற்று. தண்ணீர் ஊற்றிச் சரிக்கட்டுகிற உப்பு இல்லை அது. புதிதாக உலை வைக்க நேரமும் இல்லை. காத்துக் கிடக்கிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது? யாரையும் அதட்டியே பழக்கமில்லாத மனிதர் அமீராவிடம் திரும்பினார். இது என்ன விளையாட்டு, எத்தனை பேர் வயிற்றில் அடித்திருக்கிறாய் தெரியுமா என்று சத்தம் போட்டார்.

அமீரா அழவில்லை.

"எனக்கு உப்பு தெரியல நன்னா. நான் மக்கு."

முனீராவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. தாய் சொன்ன சொல்லைக் காப்பாற்ற, பிள்ளை தன்னையே மக்காக்கிக்கொண்டு நிற்கிறது.

"அவ மேல தப்பில்ல மாமா. நேத்து நோன்பு திறந்ததுக்கு அப்புறம் அவ ஒண்ணுமே சாப்பிடல. எங்களுக்கு வீடு இல்ல."

நடேசன் வேனுக்குப் போய்த் தனக்கென்று வைத்திருந்த பன்னை எடுத்து வந்து அமீராவின் கையில் கொடுத்தார். நெய்னா தரையிலேயே உட்கார்ந்து பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டு, என்னை மன்னிச்சிடும்மா என்று அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியை எடுத்தார். சமூக நலத் துறையில் தனக்குத் தெரிந்த பெண் ஒருவர் இருக்கிறார், நல்ல மாதிரி, இப்போதே வரச் சொல்கிறேன், இனி அவர் பார்த்துக்கொள்வார் என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார்.

பன்னை இரண்டு கடி கடித்திருந்த அமீரா, மெல்லுவதை நிறுத்தினாள். அம்மாவைப் பார்த்தாள். அம்மா வாசல் பக்கம் பார்த்தாள். வாயில் இருந்ததை உள்ளங்கையில் துப்பி, மீதிப் பன்னோடு சேர்த்து நெய்னாவின் மடியில் வைத்தாள் அமீரா.

"எனக்குப் பசிக்கல நன்னா. நிஜமா பசிக்கல. போன் பண்ணாதீங்க."